மணற்கேணியைத் தோண்டுவோர் யார்?

2023ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25ஆம் நாள், தாம்பரத்தை அடுத்த சேலையூர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஒரு விழா நடைபெற்றது. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறை உருவாக்கிய 'மணற்கேணி' என்னும் கைப்பேசிச் செயலி அன்று வெளியிடப்பட்டது. வெளியிட்டவர், நிலம் பாலையாவதைத் தடுப்பதற்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் அப்போதைய செயற்செயலாளர் இப்ராஹிம் தியாவ். சஹாராவின் மணல் சூழ்ந்த மௌரித்தானியா நாட்டவர் அவர். மணலின் கொடுமையும் நீரின் அருமையும் அறிந்த மண்ணில் பிறந்த ஒருவர் மணற்கேணியைத் திறந்து வைத்தது எத்துணைப் பொருத்தம்!

ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள பாடங்களை ஏறத்தாழ 27,000 கருத்துகளாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் ஒரு சிறு காணொலியால் விளக்குவது என்பதே அத்திட்டம். கணக்கு, அறிவியல், வரலாறு, புவியியல் என எல்லாப் பாடங்களும் அதில் அடக்கம். தமிழிலும் உண்டு, ஆங்கிலத்திலும் உண்டு. கட்டணம் ஒரு காசும் இல்லை. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்ற பேதமும் இல்லை.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் ஆகிய ஊர்களெல்லாம் 2021ஆம் ஆண்டு முதல் ஒரே மாநகராட்சியாகிவிட்டன. இப்பகுதியின் மஹல்லாக்களில் வாழும் நம் மக்களை நாம் ஒன்று கேட்கிறோம். உங்கள் வாயிற்படியில் வெட்டப்பட்ட இக்கேணியை உங்களுள் எத்தனை பேர் எட்டிப் பார்த்தீர்கள்? எட்டிப் பார்த்தவர்களுள் எத்தனை பேர் ஒரு கை மணலையேனும் அள்ளினீர்கள்?

பெயர் வைத்தவர்கள் பொருளறிந்தே வைத்திருக்கிறார்கள். அது திருக்குறளின் கல்வி அதிகாரத்தில் வரும் சொல். கருங்கல் வைத்துக் கட்டிய கிணற்றில் ஒருமுறை வெட்டினால் போதும், நீர் நிற்கும். மணற்கேணி அத்தகையதன்று. தோண்டிய அளவுக்குத்தான் அது சுரக்கும். விட்டுவிட்டால் மணல் சரிந்து மூடிக்கொள்ளும். அதன் கரையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பவனின் தாகம் ஒருநாளும் தீராது.

நம் சமுதாயமோ இன்று கரையில் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நிற்கிறது. ஒரு கூட்டம், "கேணிப் பக்கமே போகாதே, விழுந்துவிடுவாய்" என்கிறது. மற்றொரு கூட்டம், "போய்ப் பார்த்துக்கொண்டிரு, தாகம் தானே தீரும்" என்கிறது. இரண்டுமே பிழை என்பது நம் கருத்து.

தடுப்போர்

கைப்பேசி ஒரு ஃபித்னா, அதைப் பிள்ளைகளின் கையில் கொடுப்பதே பாவம் என்போரின் அச்சத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. அவ்வச்சம் அடிப்படையற்றதும் அன்று. ஐந்து நிமிடப் பாடம் முடிந்ததும் ஆட்டமும் பாட்டும் கேலியும் அடுத்தடுத்து வந்து அதே திரையில் விழுகின்றன. அவை பிள்ளையின் கண்ணைப் பிடித்துக்கொண்டால் விடுவதில்லை. இதை அறியாத தாய் இன்று எந்த வீட்டிலும் இல்லை.

ஆனால் தடுப்பவர்களை நாம் ஒன்று கேட்போம். ஒலிபெருக்கியில் பாங்கு சொல்லலாமா கூடாதா என்று நம்மவர் வாதிட்ட காலம் ஒன்று இருந்தது. அன்று தடுத்தவர்களின் பேரர்கள்தாம் இன்று பயான்களைக் காணொலியாக்கி உலகெங்கும் அனுப்புகிறார்கள். மார்க்கச் சொற்பொழிவுக்கு ஆகுமான திரை, மகனின் கணக்குப் பாடத்துக்கு மட்டும் ஆகாமற்போனது எப்படி?

கல்வி யாரிடமிருந்து வருகிறது என்று பார்ப்போருக்கும் விடை நம் வரலாற்றிலேயே இருக்கிறது. பத்ருப் போரில் சிறைப்பட்ட குறைஷியருள் பொருள் கொடுத்து மீள இயலாத, எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்குப் பெருமானார் (ஸல்) அவர்கள் விதித்த மீட்புப் பணம் எது? மதீனத்துச் சிறுவர் பதின்மருக்கு எழுத்தறிவிக்க வேண்டும் என்பதுதான். வாளேந்தி வந்த பகைவனிடமிருந்தும் கல்வியை வாங்கிக்கொண்ட சமுதாயம் நம்முடையது. நம் வரிப்பணத்தில் நம் மொழியில் உருவான பாடத்தைக் கண்டு அஞ்சுவது அச்சமுதாயத்துக்கு அழகா?

இந்நிகழ்ச்சியில் இன்னொன்றும் இருக்கிறது. அங்கே மீட்புப் பணமாகப் பெறப்பட்டது ஏடன்று. ஒரு மனிதனின் நேரம். பத்துச் சிறுவர், அவர்கள் அருகே ஓர் ஆசான். இந்தக் கணக்கை நினைவில் வைத்திருங்கள். மீண்டும் இங்கு வருவோம்.

கொடுப்போர்

இரண்டாம் கூட்டத்தார் நவீனர்கள். பிள்ளை கையில் கைப்பேசியைக் கொடுத்து, "எல்லாம் அதிலேயே இருக்கிறது, படித்துக்கொள்" என்று கூறிவிட்டால் தம் கடமை தீர்ந்தது என்று எண்ணுவோர். இவர்களுள் வசதி படைத்தோர் ஆண்டுக்குப் பல்லாயிரம் ரூபாய் கட்டிக் கட்டணச் செயலிகளை வாங்குகிறார்கள். அத்தகைய நிறுவனங்களுள் மிகப் பெரியதாக விளங்கிய ஒன்று 2024ஆம் ஆண்டில் நொடிப்பு வழக்கில் சிக்கியதை நாடே பார்த்தது.

திரை மட்டும் போதுமா என்னும் வினாவுக்கு விடை காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டா. 2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26ஆம் நாள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கி வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே கொரோனாக் கொடுநோய் வந்து பள்ளிகளின் கதவைச் சாத்தியது. கல்வித் தொலைக்காட்சி வகுப்பு வாரியாக, நேர அட்டவணைப்படி பாடங்களை ஒளிபரப்பியது. நல்ல ஆசிரியர்கள், நல்ல பாடங்கள். குறை கூற மாட்டோம். ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்கு 2021 நவம்பர் முதல் நாளில்தான் பள்ளிக் கதவு மீண்டும் திறந்தது. இடைப்பட்ட பத்தொன்பது மாதங்களில் நேர்ந்த கற்றல் இழப்பைத் தொலைக்காட்சியால் ஈடுசெய்ய முடிந்ததா? முடிந்திருந்தால் 2021 அக்டோபர் 27ஆம் நாள் மரக்காணம் பகுதியில் 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டத்தை அரசு தொடங்கியிருக்க வேண்டியதில்லை. தெருத்தெருவாகத் தன்னார்வலர்கள் மாலையில் ஒன்றரை மணி நேரம் வரை பிள்ளைகளுடன் அமர்ந்து கற்பித்தார்கள். பெரும்பாலோர் பெண்கள், ஏறத்தாழ 2 இலட்சம் பேர். திரை விட்ட இடத்தை நிரப்ப மனிதர்தாம் வரவேண்டியிருந்தது.

இதன் காரணம் என்ன? அண்மையில் ஓர் இல்லத்தில் நாமே அதைக் கண்டோம். ஆறாம் வகுப்புச் சிறுவன் பின்னக் கூட்டல் பற்றிய காணொலி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். வட்டமான ரொட்டியொன்று ஆறு துண்டாகிறது. அரை என்பது மூன்று துண்டு. மூன்றில் ஒன்று என்பது இரண்டு துண்டு. கூட்டினால் ஆறில் ஐந்து. வண்ணப் படத்தில் அத்தனை தெளிவு! "புரிந்ததா?" என்றோம். "நன்றாகப் புரிந்தது" என்றான். பொய் சொல்லவில்லை, அவனுக்குப் புரியத்தான் செய்தது. ஒரு தாளைக் கொடுத்து அதே கணக்கைப் போடச் சொன்னோம். மேலெண்ணை மேலெண்ணோடும் கீழெண்ணைக் கீழெண்ணோடும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதி நீட்டினான். அரையோடு வேறொன்றைக் கூட்டியபின் வருவது அரையைவிடக் குறைவாக இருக்குமா என்று கேட்டோம். விழித்தான், ரொட்டியை நினைத்தான், சிரித்தான், அடித்துவிட்டு மறுபடியும் எழுதினான். அவன் கற்றது அந்த விழிப்பிலும் அடித்தெழுதலிலும்தான்.

தெளிவான விளக்கத்தைக் கேட்பது இனிமையானது. அவ்வினிமையையே நாம் அறிவு என்று மயங்குகிறோம். ஓராயிரம் ஆண்டுகளுக்கு முன் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், ஒளியையும் பார்வையையும் ஆராய்ந்து 'கிதாபுல் மனாஸிர்' என்னும் பெருநூலை எழுதினார். இருட்டறையின் சிறு துளை வழியே ஒளி நுழைந்து எதிர்ச்சுவரில் வடிவம் காட்டுவதைச் சோதித்தவர் அவர். இன்றைய ஒளிப்படக் கருவிக்கும் அதுவே அடிப்படை. காண்பது கண்ணோடு முடிவதில்லை, ஒப்பிட்டும் பகுத்தும் முடிவு காணும் அறிவின் வேலையும் அதில் உண்டு என்பது அவர் கண்ட உண்மை. அந்த வேலையைப் பிள்ளைக்கு மாறாக எந்தத் திரையும் செய்து கொடாது.

காணொலியின் நன்மை எது?

இவ்வாறு கூறுவதால் நாம் காணொலியைப் பழிப்பதாக யாரும் எண்ண வேண்டா. அதற்கென்று ஒரு பெருநன்மை உண்டு. வகுப்பில் இரண்டாம் முறை கேட்க வெட்கப்படும் பிள்ளை, காணொலியைப் பத்து முறை நிறுத்தலாம், பின்னோக்கி ஓட்டலாம், சென்ற ஆண்டுப் பாடத்துக்கே திரும்பிப் போகலாம். ஏளனம் செய்ய அங்கே யாரும் இல்லை.

சல்மான் கான் என்னும் அமெரிக்கரின் வரலாறு இதற்குச் சான்று. அவருடைய தந்தையாரின் ஊர் வங்கதேசத்துப் பாரிசால். தொலைவிலிருந்த உறவுக்காரச் சிறுமி ஒருத்தி அளவை மாற்றுக் கணக்கில் தடுமாறுகிறாள் என்று அறிந்து, 2004இல் அவளுக்குத் தொலைபேசி வழியே சொல்லிக்கொடுத்தார். அவளைத் தொடர்ந்து மற்ற உறவுப் பிள்ளைகளும் வரவே, 2006 முதல் விளக்கங்களைச் சிறு காணொலிகளாக்கி யூடியூபில் இட்டார். இன்று உலகெங்கும் இலட்சக்கணக்கான மாணவர் பயிலும் 'கான் அகாடமி' அவ்விதம் முளைத்ததுதான். நேரில் சொல்வதைவிடக் காணொலியே நன்று என்று அப்பிள்ளைகள் கூறினார்களாம். நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம் அல்லவா? ஆனால் வேர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஒரு குடும்பத்தில், தங்கைமுறைச் சிறுமி ஒருத்தியின் கணக்குப் பிழையைத் தன் பிழையாக நினைத்துக் கவலைப்பட்ட ஓர் அண்ணனின் உள்ளத்தில் இருக்கிறது. காணொலி பின்னால் வந்தது. கவலை முன்னால் வந்தது.

துண்டுகளை இணைப்போர்

இன்னொரு குறையையும் சொல்லியாக வேண்டும். 27,000 என்பது பெருமைதான். ஆனால் அவை 27,000 துண்டுகள். வரலாறு ஒரு துண்டு, வேதியியல் ஒரு துண்டு, புவியியல் ஒரு துண்டு. பிள்ளை வாழும் ஊரில் இவை துண்டு துண்டாகவா கிடக்கின்றன?

பழைய கற்காலம் பற்றிய பாடத்தைப் பல்லாவரத்துப் பிள்ளை பார்க்கிறது. 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் புவியியலாளர், இந்தியத் தொல்லியலின் போக்கையே மாற்றிய கற்கருவியைக் கண்டெடுத்தது தன் பல்லாவரத்தில்தான் என்பதை அதற்கு யார் சொல்வது? பாறைகளைப் பற்றிய பாடம் வருகிறது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்த கல்லை ஆராய்ந்து, அவர் பெயராலேயே 'சார்னோக்கைட்' என்று 1893இல் பெயரிட்டார் ஹாலந்து என்னும் அறிஞர். அதே பாறைதான் பரங்கிமலையில் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக நிற்கிறது. மின்சார இரயிலில் நாள்தோறும் அதைக் கடந்து போகிறோமே, ஒரு நாளேனும் பிள்ளைக்குச் சுட்டிக் காட்டியதுண்டா?

தனிமங்களின் அட்டவணையில் 24ஆம் எண் குரோமியம். குரோம்பேட்டை என்னும் பெயரே குரோம் தோல் ஆலையால் வந்தது. பம்மலிலும் நாகல்கேணியிலும் தோல் பதனிடும் தொழிலில் நம்மவர் தலைமுறை தலைமுறையாக உழைத்திருக்கிறார்கள். முதலாளிகளாகவும் இருந்திருக்கிறார்கள், தொட்டியில் இறங்கிய கூலிகளாகவும் இருந்திருக்கிறார்கள். குரோமிய உப்பு தோலின் புரத நார்களைப் பிணைத்து அழுகாமற் காக்கிறது என்ற வேதியியலைத் தந்தையின் கை அறியும். அதே உப்பு கழிவாகி நிலத்தடி நீரில் கலந்தால் என்ன ஆகும் என்பதைத் தாயின் குடம் அறியும். பிள்ளைக்கோ அது தேர்வில் எழுதும் இரண்டெழுத்துக் குறியீடு! பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022இல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது என்பது பொது அறிவு வினா. மழைநாளில் மேடவாக்கத்துத் தெருக்களில் நீர் ஏன் தேங்குகிறது என்பது அவ்வினாவின் மறுபாதி. இரண்டையும் இணைத்துக் காட்ட அருகில் ஒரு மனிதன் வேண்டும். அந்த மனிதன் பட்டதாரியாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. தோல் தொழிலாளியாக இருக்கலாம்.

கைப்பேசி யாருக்கு?

இப்போது கசப்பான ஒன்றைக் கூறுவோம். ஒரு வீட்டில் ஒரே கைப்பேசி. அண்ணன் ஒருவன், தங்கை ஒருத்தி. அது யார் கைக்குப் போகிறது? வாசகர்கள் தத்தம் இல்லத்தை நினைத்து விடை கூறட்டும். மகன் கேட்டால் "படிக்கிறான்" என்கிறோம், மகள் கேட்டால் "இவளுக்கு எதற்கு?" என்கிறோம். மகனின் கைப்பேசியில் நள்ளிரவு வரை என்ன ஓடுகிறது என்று கேட்காத நாம், மகள் அரைமணி நேரம் அறிவியல் பாடம் பார்த்தால் மானம் போய்விடும் என்று பதறுகிறோம். தொலைவு காரணமாகவும் துணையில்லாத காரணமாகவும் தனிப்பயிற்சிக்குப் போக இயலாதவள் அவள்தான். வீட்டுக்குள்ளேயே வரும் ஆசான் யாரைவிடவும் அவளுக்கே உரியவன். அவளிடமிருந்தே அதைப் பறிக்கிறோம்!

முன்னோர்களைப் பின்பற்றுகிறோம் என்று யாரும் இதற்குச் சமாதானம் கூற வேண்டா. கீழக்கரையில் வாழ்ந்த இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அவர்கள் மார்க்கச் சட்டங்களை 'மகானி' என்னும் நூலாக அரபுத் தமிழில் எழுதினார்கள். அரபு மட்டுமே போதும் என்று அந்த மேதை இருந்துவிடவில்லை. அரபுத் தமிழ் நூல்கள் அடுப்படி வரை சென்றன. வெளியே போகாத பெண்களும் ஓதி அறிந்தார்கள். வீட்டு மொழியில், வீட்டுக்குள் கல்வியைக் கொண்டு சேர்த்தவர்களின் வழித்தோன்றல்கள் நாம். தமிழில் இருப்பதாலும் அரசு தருவதாலும் மணற்கேணியைத் தாழ்வாக நினைப்போர் இதை எண்ணிப் பார்க்கட்டும். பல்கலைக்கழக மானியக் குழு 1984 ஆகஸ்ட் 15இல் தூர்தர்ஷனில் தொடங்கிய 'நாடளாவிய வகுப்பறை' பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமைந்ததால், சிற்றூர் மாணவனுக்கு அது பிறர் வீட்டு விளக்காகவே இருந்தது. இன்று நம் வீட்டில் நம் மொழியில் விளக்கேற்றியிருக்கிறார்கள். நாமோ கண்ணை மூடிக்கொண்டு இருட்டு என்கிறோம்.

செய்ய வேண்டுவது

மேல்மாடியை நாம் நன்றாகக் கட்டினோம். கீழக்கரை பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்கள் 1984இல் வண்டலூரில் நிறுவிய பொறியியற் கல்லூரி இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக ஓங்கி நிற்கிறது. ஆனால் ஆறாம் வகுப்பில் பின்னக் கணக்கில் இடறி விழுந்த பம்மல் பிள்ளை வண்டலூர் வரை எப்படிப் போய்ச் சேரும்? படிக்கட்டு இல்லாத மாளிகையின் மாடியில் யார் குடியேறுவார்?

ஆகவே ஜமாஅத் நிர்வாகிகளிடம் நாம் கேட்பது கோடி ரூபாய்க் கட்டடம் அன்று. பள்ளிவாசலை ஒட்டிய மக்தபிலோ மண்டபத்திலோ ஓர் அறை. ஒரு பெரிய திரை. பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவராகப் படித்த இளைஞர். பெண்பிள்ளைகளுக்குத் தனி நேரமும் படித்த பெண்மணி ஒருவரும். இல்லம் தேடிக் கல்வியில் பழகிய சகோதரிகள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள், அழைத்தால் வருவார்கள். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே ஒரு மணி நேரம். அதில் பத்து நிமிடம் காணொலி. எஞ்சியது முழுவதும் பென்சிலும் தாளும் கேள்வியும். காணொலியை நடுவில் நிறுத்தி, "அடுத்து என்ன வரும்?" என்று கேட்கத் தெரிந்தால் போதும், அவரே ஆசான். கைப்பேசி பிள்ளையின் தனிக் கையில் இராது. ஆதலால் தடுப்போரின் அச்சமும் தீரும். பிள்ளை தனியே விடப்படாது. ஆதலால் கொடுப்போரின் பிழையும் தீரும்.

"ஓத வரும் நேரத்தைக் கணக்குக்குக் கொடுப்பதா?" என்று கேட்போரும் இருப்பர். முதன்முதலில் இறங்கிய வஹீ ஓதுமாறு ஏவியதோடு நில்லாமல் எழுதுகோலையும் நினைவூட்டியதை அவர்களே நமக்குப் போதித்தார்கள். அதைவிட வேறு விடை நமக்குத் தெரியாது.

அன்னை ஹாஜரா (அலை) அவர்களை ஒரு கணம் நினையுங்கள். மணற்காட்டில் பச்சிளங் குழந்தை தாகத்தால் துடித்தது. நீர் தருபவன் அல்லாஹ் என்பதில் அவ்வன்னைக்கு ஐயம் இல்லை. எனினும் அவர்கள் அமர்ந்திருக்கவில்லை. ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை ஓடினார்கள். ஸம்ஸம் அதன் பின்னரே பீறிட்டது. அந்த ஓட்டத்தை இன்றும் ஹாஜிகள் தம் கால்களால் நினைவுகூர்கிறார்கள்.

சேலையூரில் திறந்த கேணியின் கரையில் நம் பிள்ளைகள் தாகத்தோடு நிற்கின்றன. நீர் அடியில் இருக்கிறது. ஓடுவதற்கும் தோண்டுவதற்கும் நாம் ஆயத்தமா என்பதே கேள்வி. ஆயத்தமாகும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவர்க்கும் நல்குவானாக! ஆமீன்.